பலகையில் வைத்த மைக்

சங்கரி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை முன்னும் பின்னும் போகிறது, கண்ணாடி வளையல்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன, ஆனால் அந்தக் கிணுகிணுப்பு சமையலறையிலிருந்து வரவில்லை. கூடத்தில், தறிக்கு இடது பக்கம் நின்ற புது ஸ்பீக்கரிலிருந்து, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் புகுந்து வந்தது.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த சிவபாலன் பாட்டை நிறுத்திப் பார்த்தான். வளையல் நிற்கவில்லை.

"சங்கரி, கையைக் கொஞ்சம் நிறுத்துமா."

அவள் நிறுத்தினாள். ஸ்பீக்கரும் நின்றது.

"இன்னாங்க, என் வளையல் உங்க பாட்டுக்கு இடைஞ்சலா இருக்குதா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

பாட்டு ஓடாவிட்டால் சிவபாலனுக்குத் தறி ஓடாது. பழைய செட் இருமிக்கொண்டே பதினோரு வருஷம் பாடியது. போன வாரம்தான் அதைக் கழற்றிக் கடாசிவிட்டு, இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர், நெட்டிலிருந்து பாட்டை இழுத்துக் கொடுக்கிற ஒரு கறுப்புப் பெட்டி என்று மாட்டினான். பெட்டியோடு ஒரு மைக்கும் வந்தது. கேட்கிறவர் உட்காரும் இடத்தில் மைக்கை வைத்தால், பெட்டி தானே விசில் மாதிரி சத்தம் விட்டுப் பார்த்து, அந்த இடத்துக்குத் தக்கபடி ஒலியைச் சரிசெய்துகொள்ளும். அது முடிகிறவரை வேறு சத்தம் கூடாது. முப்பது தறி அடிக்கிற பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அமைதிக்கு எங்கே போவது? அமாவாசைக்குத்தான் போகணும். அன்றைக்கு ஒருத்தரும் தறியைத் தொட மாட்டார்கள்.

அவர்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. அமாவாசையன்று, நெய்கிறவர் உட்காரும் தறிப் பலகைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அதைக் காலியாக விட்டுவிட வேண்டும்.

"வேணாங்க. போனவங்க வந்து உக்கார்ற நாளு," என்று சங்கரி தடுத்தாள்.

"நானா உக்கார்றேன்? மைக்குதானே உக்காருது?" என்று சொல்லிவிட்டு அதைப் பலகையில் வைத்தான் புத்திசாலி. சோதனை நடுவே பலகை ஒருமுறை கிறீச்சிட்டது, ஆள் வந்து உட்கார்ந்தால் கிறீச்சிடுமே, அதே மாதிரி. மரம்தானே, வெயிலுக்கு விரிசல் விடும் என்று விட்டுவிட்டான்.

வளையலுக்கு மறுநாள் குழாய்த் தண்ணீர். அதற்கு மறுநாள் குக்கர் விசில். வெள்ளிக்கிழமை காலையில் சிவபாலன் ஊடை நூலை ஓட்டுகிற நாடாவை வீசி அடித்தான்; இருபது வருஷமாகக் கைக்கும் நெஞ்சுக்கும் பழகிப்போன அந்த அடி கைக்குக் கீழே ஊமையாக விழுந்து, வலது ஸ்பீக்கரில் கனமாகக் கேட்டது. பிளக்கைப் பிடுங்கினான். திரும்ப அடித்தான். எங்கேயும் சத்தமில்லை. தன் முகத்துக்கு நேரே கையைத் தட்டினான். இல்லை. மறுபடி பிளக்கைச் செருகியதும் எல்லாம் ஸ்பீக்கரில் வந்தது.

செட்டை விற்ற ராமராஜனுக்கு போன் போட்டான். பேச்சு மட்டும் அன்றைக்கு இன்னும் அவன் வாயில்தான் இருந்தது.

"அப்படியெல்லாம் ஆகாதுண்ணே. திங்கக்கிழமை வந்து பாக்கறேன்," என்றான் ராமராஜன்.

சங்கரியிடம் சொல்லவில்லை. சொன்னால் அமாவாசைப் பேச்சை எடுப்பாள். கூடத்தில் ஓயாமல் பாட்டு ஓடுகிற வீட்டில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவளும் கவனிக்கவில்லை. திங்கள்வரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அவன் பயமெல்லாம் மகள் தீபிகாவைப் பற்றித்தான். ஏழு வயசு, பிறந்ததிலிருந்து இழுப்பு. தறி எவ்வளவு அடித்தாலும் அவனுடைய ஒரு காது அந்தப் பெண்ணின் நெஞ்சில்தான் இருக்கும். மெல்லிசாக ஒரு கீச்சு கேட்டால் போதும், இன்ஹேலரோடு ஓடுவான்.

ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். ஸ்பீக்கரில் புல்லாங்குழல் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. குழல் முடியவில்லை. மெல்லிசாக, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

குழல் இல்லை அது.

திரும்பினான். பின்னால் தரையில், வீட்டுப்பாட நோட்டின் மேல் குனிந்து, தீபிகா. தோள் தூக்கிப் போடுகிறது. வாய் திறந்திருக்கிறது. சத்தமே இல்லை. எவ்வளவு நேரமாக இப்படி? ஐயோ, எவ்வளவு நேரமாக?

இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினான். மருந்து பீய்ச்சியது ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. இழுப்பு தணியவில்லை. சங்கரி ஓடிவந்து, ஆட்டோக்கார அர்ஜுனனுக்கு போன் போட்டாள். உதடு அசைந்தது, குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அர்ஜுனா, சீக்கிரம் வாப்பா, பாப்பாவுக்கு..."

"ஹலோ? அண்ணி? ஒன்னும் கேக்கலியே," என்று அதே ஸ்பீக்கரில் அர்ஜுனன் சொன்னான். "ஹலோ?" வைத்துவிட்டான்.

குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான் சிவபாலன். நாலு அடி. ஸ்பீக்கரில் மூச்சு தேய்ந்தது. குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. இன்னும் ஓர் அடி. கண் செருகியது. பின்னால் வந்தான். மூச்சு வந்தது. உதடு சிவந்தது. முன்னால் போனால் நீலம். பின்னால் வந்தால் சிவப்பு. வாசல் திறந்தே கிடந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவன் தறிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், குழந்தையை மடியில் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேறென்ன செய்வான் மனுஷன்.

சங்கரி ஸ்பீக்கரைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் மூச்சை இழுத்துக்கொள்வது இந்த செட்டுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாதிதான் புரிந்தது.

சுவரோரம் பாய்ந்தாள். பிளக்கில் கை வைத்தாள்.

சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

"வேணா..." என்று ஸ்பீக்கர் அவன் குரலில் அலறியது. பாதியில் அறுந்தது.

சின்ன சிவப்பு விளக்கு அணைந்தது.

மடியில் குழந்தையின் நெஞ்சு இறங்கியது. அவன் காத்திருந்தான். ஏறவில்லை.

கரென்ட் இல்லாத ஸ்பீக்கரில் மூச்சு வந்தது. கீச்சு இல்லை. இழுப்பு இல்லை. நன்றாகத் தூங்குகிற குழந்தையின் மூச்சு, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

சங்கரி மண்டிபோட்டு ஸ்பீக்கர் முகப்பின் கறுப்புத் துணியில் காதை வைத்தாள். அவள் முதுகு இவன் பக்கம். தோள் தளர்ந்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்பீக்கருக்குள் அவள் குரல் சந்தோஷமாகச் சொன்னது:

"இழுப்பு நின்னுடுச்சுங்க."

சிவபாலன் வாயைத் திறந்தான். எங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் திரும்பவில்லை.