திருப்பிப் போட்ட மெத்தை

விற்கப்போகும் வீடுகளை விளம்பரத்துக்குப் படமெடுப்பதற்கு முன்னால் ஒழுங்கு பண்ணிக் கொடுப்பதுதான் அவள் தொழில். அவள் கை பட்டால் எந்த வீடும் பளிச்சென்று ஆகிவிடும் என்பதால் பளிச்சக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. சுவரிலிருந்து குடும்பப் படங்களை இறக்குவாள், கழிவறை மூடியைச் சாத்துவாள், சாப்பாட்டு மேசையில் ஆறு பிளாஸ்டிக் எலுமிச்சைகளை வைப்பாள். ஊரார் அழுக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அதில் ஒரு தூசிகூடத் தன் வீட்டுக்குள் வரக்கூடாது. ஏழு வயது மகளுக்கு மூச்சிழுப்பு. வேலை முடிந்து போனால் நேராகக் குளியலறை. தலைக்குக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவாள்.

அன்று காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் திறந்ததும் வாடை வந்து முகத்தில் அப்பியது.

எலி செத்த வாடை அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. இதில் ஒரு தித்திப்பு இருந்தது. மூக்கைப் பொத்தினால் நாக்கில் படிந்தது. யாரோ அதன் மேல் பினாயிலைப் புட்டி புட்டியாகக் கொட்டியிருந்தார்கள்.

"மூடிக் கெடந்த வீடுல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றார் வீட்டுக்காரர் கைபேசியில். மனிதர் வாசல்வரைகூட வரவில்லை. சாவியை ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். "எங்க அக்கா இருந்த வீடு. ஆஸ்பத்திரியிலதான் தவறினாங்க. எப்படியும் படத்துல நாத்தம் தெரியாதுல்லம்மா?"

தெரியாதுதான். பளிச்சக்கா துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு சமையலறையில் இறங்கினாள். குளிர்பெட்டியைத் திறந்தால் அடித்தட்டில் கறுப்பாக ஏதோ கூழாகி நின்றது. அதில் ஈக்கள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. குளியலறைச் சோப்பில் நீள நீளமாக நரைமுடி. எல்லாவற்றையும் வாரிப் பையில் கட்டினாள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வழுக்கின.

கடைசியில் படுக்கையறை.

கட்டிலில் கிடந்த விரிப்பை இழுத்தாள். வரவில்லை. மெத்தையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தபோது, புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியை உரிப்பதுபோல் 'சர்ர்' என்று பிய்ந்து வந்தது.

அடியில் பழுப்பு மஞ்சளில் ஒரு கறை. தலை. தோள். மடக்கிய முழங்கால்கள். நடுவில் இன்னும் பிசுபிசுப்பு காயவில்லை. தலை இருந்த இடத்தில் ஒரு கொத்து நரைமுடி பஞ்சோடு பஞ்சாகப் பதிந்திருந்தது.

ஆஸ்பத்திரியாவது மண்ணாங்கட்டியாவது!

ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வீட்டுக்காரரை அழைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. எத்தனை நாள் கெடந்தாங்க?"

"பதினோரு நாள்னாங்க... அதுக்கு முந்தி தெனமும் போன் பண்ணுவாங்கம்மா, வாடா வாடான்னு. அப்புறம் வரேன், அப்புறம் வரேன்னு சொல்லிட்டே இருந்தேன். வேலை அப்படி." அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார்: "கட்டிலை எடுத்துராதீங்க. வெறும் ரூம்னா சின்னதாத் தெரியும்."

கறையைவிட அந்தக் குரல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் எந்த வீட்டையும் அரைகுறையாக விட்டுப் போனதில்லை என்ற வீம்பு அவளுக்கு. படமெடுக்கும் ஆள் வருவதற்கோ அரை மணிகூட இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்.

மெத்தையைத் திருப்பிப் போட்டாள்.

கறை கீழே போயிற்று, வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. வீட்டுக்கு வீடு சுமந்து போகும் தன் வெள்ளைப் போர்வையை அதன்மேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். அதைப் பார்த்தால் ஓட்டல் அறையே தோற்றுப்போகும்.

"ம்ம்..."

கட்டில் பக்கமிருந்து வந்தது. தலையணையில் முகம் அழுந்தியவர் முனகினால் இப்படித்தான் கேட்கும்.

கட்டில் பலகை ஒன்று கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று.

"திருப்பு."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மூச்சு முட்டுது... திருப்பிப் போடு."

பயத்தில் அவள் வாய் தானாகப் பேசிற்று. அடம்பிடிக்கும் மகளிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "படம் எடுத்து முடியட்டும். அப்புறம் திருப்பிப் போடுறேன்."

சத்தம் நின்றுவிட்டது. நம்பிவிட்டாற்போல் நின்றது.

படக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார். அவர் ஒரே கோணத்தில் மூன்று படம் எடுப்பார்: ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிச்சமாக. பிறகு மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பார். படுக்கையறையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"பளிச்சக்கா, போர்வைய இழுத்து விடுங்க. நடுவுல மேடா இருக்கு."

"சரியாத்தானே இருக்கு?"

கண்ணெதிரே படுக்கை சமமாகத்தான் இருந்தது. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் படத்தில் சமமான படுக்கை. இரண்டாவதில் நடுப்பகுதி உப்பியிருந்தது. மூன்றாவதில் ஒரு நெற்றியும் இரண்டு முழங்கால்களும் மெத்தையை அடியிலிருந்து முட்டித் தூக்கிக்கொண்டிருந்தன.

படக்காரர் கேமராவை முக்காலியோடு அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே அவளும் ஓடினாள். போர்வை, எலுமிச்சை, எதையும் எடுக்கவில்லை.

தெருமுனைக்கு வந்த பிறகுதான் 'அப்புறம்' என்று தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. அதற்காக இனி எவள் அந்த வீட்டுக்குள் போவாள்?

வீட்டில் மூன்று தடவை குளித்தாள். நகக்கண்ணைப் பழைய பல்துலக்கியால் ரத்தம் கசியத் தேய்த்தாள். துணியைக் குப்பையில் எறிந்தாள். கையை முகர்ந்தாள், சோப்பு வாசனை மட்டும்தான். நிம்மதியாக மகளின் அறைக்குப் போனாள். சாயங்கால வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது.

பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கன்னம் மெத்தையில் அழுந்தியிருந்தது. அறையில் இழுப்புச் சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விசில்.

"செல்லம், இழுப்பு வந்துருச்சா? ஏண்டி என்னைக் கூப்பிடல?"

"எனக்கு இல்லம்மா," என்றாள் மகள். "உஷ்... மெத்தைக்குக் கீழ இருக்காங்கல்ல, அவங்களுக்கு."

அந்தத் தித்திப்பு வாடை மெல்ல எழுந்து அம்மாவின் நாக்கில் படிந்தது.

"அப்புறம்னு சொன்னியாமே. எப்பன்னு கேக்குறாங்கம்மா."

"எந்திரி. எந்திரிச்சு எங்கிட்ட வந்துரு!"

பிள்ளை தலையைத் தூக்கினாள். 'சர்ர்' என்று ஒரு சத்தம். கன்னத்தோடு விரிப்பும் சேர்ந்து வந்தது.