கொலைகாரர் மட்டும் பொய் சொல்லலாம்

செத்துப்போனவள் இடது கைக்காரி என்று அவள் எந்த அட்டையிலும் எழுதவில்லை.

பல் டாக்டர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு சூப்பை ஊதிக்கொண்டிருந்தார். அவர் ஒட்டிக்கொண்டு வந்த பொய் மீசை ஆவியில் இளகி ஒரு பக்கமாகத் தொங்கியது. மேசையைச் சுற்றியிருந்த மற்றவர்கள் தலையாட்டினார்கள். விருந்து வைத்தவள் மட்டும் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினாள். விளையாட்டுக்கான ஐந்து அட்டைகளையும் எழுதியவள் அவள்தான். பாடப்புத்தக அச்சகத்தில் பன்னிரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவள், எதையும் மூன்று முறை படிக்காமல் கையை விட்டு அனுப்ப மாட்டாள். எந்த அட்டையில் எந்த வரியில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இடது கை எங்கும் இல்லை.

சும்மா அடித்து விடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். விளையாட்டுதானே.

இந்த விளையாட்டு ரேடியோவின் யோசனை. அவளுடைய அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவளுக்கு வாய் ஓயாததால் வந்த பேர் அது. எங்கோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கொலையைக் கண்டுபிடிக்கும் விருந்து என்று ஒரு வாரம் அவள் காதைத் தின்றாள். புது வீட்டுக்கு வந்து நாலு மாதமாகியும் ஒருவரையும் கூப்பிடவில்லையே என்று கணவனும் சொன்னான். சரி என்று அவளே உட்கார்ந்து எழுதினாள். யாராவது ஒருவர் பிணமாக நடித்தால் அவருக்குச் சாப்பாடு கிடைக்காது என்பதால் பிணத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டாள். புதிதாக ஒரு மாளிகையை யோசிக்கச் சோம்பலாக இருந்தது. தன் வீட்டையே எழுதினாள். வீட்டுக்காரியின் தங்கை, மேல் அறையில் இறந்து கிடக்கிறாள். அவ்வளவுதான். அவளுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. இல்லாத ஒருத்தியைக் கொல்வதில் யாருக்கும் மனவருத்தம் வராது என்று பட்டது.

ஒவ்வொரு அட்டையின் தலைப்பிலும் இரண்டு விதிகளை எழுதியிருந்தாள். கொலைகாரர் மட்டும் பொய் சொல்லலாம், மற்றவர்கள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். கொலைகாரர் யாரென்று தெரியும்வரை யாரும் மேசையை விட்டு எழக் கூடாது.

கொலைகாரர் பல் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர், சாது, பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதான் அவருக்கு அந்த அட்டையைக் கொடுத்தாள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. கணவன் துப்பறிகிறவனாகத் தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பேசினான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், மேடைப் பக்கம் போனதே இல்லை, ஆனாலும் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு அமர்க்களப்படுத்தினான். அவனுடைய அக்கா, அவளுக்கு நாத்தனார், வராத அழுகையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். பிணத்துக்கு ஒரு கிண்ணம் சூப் அனுப்பலாமா, ஆறிப்போகிறதே என்று ரேடியோ கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். மாடியில் ஆறு வயது மகள் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாதீர்கள், எழுந்துவிடுவாள் என்று அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டருக்கு அடுத்ததாக ரேடியோ வாயைத் திறந்தாள். ஆமாம், இடது கைதான், அதனால்தான் இந்த வீட்டில் கோப்பைகள் எல்லாம் காதை இடப்பக்கம் காட்டிக்கொண்டு நிற்கும் என்றாள். நாத்தனார் ரொட்டியைப் பிய்த்தபடி, தங்கை மாடிப்படி ஏறும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறுவாள், பதினொன்றில் ஒரு நொடி நிற்பாள், அது ஏனென்று கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை என்றாள்.

மற்றவர்கள் ரொட்டிக்குக் கை நீட்டினார்கள்.

என்ன மாறியது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் நடிக்கவில்லை. கைக்குட்டை மடித்து மடியில் இருந்தது. தொப்பி நாற்காலியின் முதுகில் தொங்கியது. ரேடியோ பேசியது ரேடியோவின் குரலில் இல்லை. தெரிந்த ஒருத்தி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆன பிறகு, அழுது முடித்தவர்கள் அவளைப் பற்றித் தணிந்து பேசிக்கொள்வார்களே, அந்தக் குரல். அட்டைகள் எல்லாம் தட்டுகளுக்கு அடியில் கிடந்தன. ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் நின்றது. அது நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்றே தெரிந்தது. சூப்பின் மிளகு வாசனைக்கு அடியில், எங்கிருந்தோ, துவட்டாத தலைமுடியின் வாசனை மெல்லப் பரவியது.

அவள் சிரித்துக்கொண்டே, இது ஒன்றும் நான் எழுதினதில்லையே, இப்படி ஆளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போனால் விடிந்தாலும் முடியாது என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, அப்படி ஒரு தங்கையே எனக்குக் கிடையாது என்றாள்.

ரேடியோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். அச்சகத்தில் கூப்பிடும் பேரைச் சொல்லியே கூப்பிட்டாள்.

"கமா, நீயே எழுதின விதிதானே. ஒருத்தர்தான் பொய் சொல்லலாம்."

"நான் பொய் சொல்லலை."

"அப்ப நாங்க நாலு பேரும் சொல்றோமா?"

அவள் டாக்டரிடம் திரும்பினாள். விளையாட்டைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தும் அவர் அட்டையைக் காட்டச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. தட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, விரலில் பட்ட சூப்பைத் துடைத்துவிட்டு நீட்டினார். அவள் கையெழுத்துதான். 'நீங்கள்தான் கொலைகாரர்' என்ற வரியும் இருந்தது. ஆனால் அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு சுழி. நீக்கு என்பதற்கு அச்சகத்தில் போடும் குறி. எல்லாரும் போடுவதுதான் என்றாலும், சுழியை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவது அவள் ஒருத்தியின் பழக்கம்.

இரண்டு சுற்று இருந்தது.

தன் அட்டையை அவள் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை; அங்கே நீக்கிய வரி இங்கே வந்திருக்கும்.

கணவனைப் பார்த்தாள். என்ன நடந்தாலும் அந்த முகம் ஒன்று போதும் என்று பத்து வருடம் நம்பிய முகம். என்னங்க, நீங்களாவது சொல்லுங்கள், நம் கல்யாணத்தில் என் பக்கம் அப்பா அம்மாவைத் தவிர வேறு யார் இருந்தது என்று கேட்டாள். குரல் கெஞ்சலாக வந்தது. அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.

"அவதானேம்மா அன்னைக்கு உனக்குத் தலை வாரி விட்டா," என்றான். "வகிடு கோணலா போச்சுன்னு நீகூட அழுதியே."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் உச்சந்தலையில், முடிகளுக்கு நடுவே, ஒரு சீப்பின் பல் வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டு போனது. கழுத்தின் பின்னால் சிறிய, ஈரமான விரல்கள். காதருகே, அசையாம இரு அக்கா என்று ஒரு சிணுங்கல். அது கற்பனை இல்லை. கற்பனை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது ஞாபகம். இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஞாபகம்; வைத்த இடம் இன்னும் குளிர்ந்திருந்தது.

அப்போது மேலே கட்டில் முனகியது.

பாப்பாவின் கட்டில். மேல் அறை. விளையாட்டுக்காகப் பிணத்தைப் போட்ட அறை. பாப்பாவின் அறையில் போட்டிருக்கிறோம் என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் மேலே இருப்பது அந்த ஓர் அறைதான்.

பாப்பா முழித்துவிட்டாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழப் போனாள். கணவனின் பிடி இறுகவில்லை. ஆனால் விடவும் இல்லை. நாத்தனாரின் நாற்காலி அவள் நாற்காலியை ஒட்டி வந்திருந்தது, எப்போது வந்தது என்று தெரியவில்லை. டாக்டர் மரியாதையாக முழங்காலை நீட்டி வழியை அடைத்திருந்தார். நாத்தனார் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வீட்டு விசேஷங்களில் அவளைத் தேற்றும்போது எப்படித் தட்டுவாளோ அப்படியே.

"உக்காரும்மா. பாப்பா என்ன தனியாவா இருக்கா? அவ சித்தி பக்கத்துலதானே படுப்பா."

மேலே காலடிச் சத்தம். சின்னப் பாதங்கள். பழக்கமான சத்தம், தினம் காலையில் கேட்கிறது, குதிகால் படாமல் நுனியில் ஓடுகிறது. அதன் பின்னால் இன்னொன்று. மெதுவாக. கனமாக. ஈரத்தில் ஒட்டி ஒட்டி எடுபடும் பாதம்.

பாப்பா சிரித்தாள்.

அவள் கத்தினாள். கத்தினோம் என்றுதான் நினைத்தாள். வெளியே வந்தது மூச்சு மட்டும். கணவனின் முகத்தில் பிடிவாதமோ கோபமோ எதுவும் இல்லை. காத்திருக்கிற முகம். நாலு பேருக்கும் ஒரே முகம். விதிப்படி நடக்கிறவர்கள். யாரும் மேசையை விட்டு எழக் கூடாது. யாரென்று தெரியும்வரை.

தெரிந்துவிட்டால் எழலாம்.

ஒரே ஒரு வழி இருந்தது. அவள் யோசிக்கவில்லை. மேலே குழந்தை இருக்கும்போது யார் யோசிப்பார்கள்.

"நான்தான் கொன்னேன்," என்றாள். "என் தங்கச்சிய நான்தான் கொன்னேன். முடிஞ்சுது. விடுங்க."

மேசை ஒரு பெருமூச்சு விட்டது போலிருந்தது. ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கை விடுபடவில்லை. எப்படி என்று கணவன் கேட்டான். துப்பறிகிறவனின் குரல் இல்லை, அவனுடைய குரல்தான், இரவில் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கிற குரல்.

எப்படி என்பதற்கு அவளிடம் ஒரு விடை இருந்தது. டாக்டருக்காக எழுதி வைத்தது. பாலில் மருந்து கலந்து கொடுத்தேன் என்றாள்.

இல்லை என்று நாத்தனார் தலையசைத்தாள்.

படியிலிருந்து தள்ளிவிட்டேன் என்றாள்.

இல்லை.

மேலே ஓட்டம் நின்றிருந்தது. யாரோ யாரையோ படுக்க வைக்கிறார்கள். போர்வை உதறும் சத்தம். ஒரு பாட்டு, வார்த்தை இல்லாமல், மூக்கால். பாப்பா தூக்கக் கலக்கத்தில் என்னவோ கேட்டாள். பதில் கேட்கவில்லை.

கயிறு என்றாள். இல்லை. கத்தி என்றாள். இல்லை. தண்ணீர் என்றாள். டாக்டர் வருத்தத்தோடு, இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். நாக்கு தானாக மேலண்ணத்தைத் தொட்டது. அடுத்த சொல்லை அவள் தேடவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. வேண்டாம் என்று உதட்டைக் கடித்தாள். ரத்தத்தின் உப்பு. கடித்த பல்லுக்கு இடையில் சொல் வழிந்தது.

"தலையணை."

யாரும் தலையசைக்கவில்லை.

மேலே பாட்டு நின்றது.

கட்டில் ஒரு முறை முனகியது. ஏதோ ஒன்று, சின்னதாக, கட்டில் சட்டத்தில் இடித்தது. மறுபடி இடித்தது. மறுபடி. வேகமாக. அவள் மேசைக்கு மேலே பாய்ந்தாள், தட்டு உருண்டது, சூப் தொடையில் கொட்டியது, நாலு பேருடைய எட்டுக் கைகளும் அவளைப் பிடித்திருந்தன, மென்மையாக, காய்ச்சல்காரியைப் பிடிப்பது போல. இதோ ஆயிற்று, கொஞ்சம் பொறு, இதோ ஆயிற்று என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இடிப்பது மெல்ல இளைத்தது.

நின்றது.

கைகள் விலகின. நாலு பேரும் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். விளையாட்டு முடிந்துவிட்டது. இப்போது அவளும் எழலாம், ஓடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அவள் எழவில்லை; இடிக்கிற சத்தம் மறுபடி வருமா என்று காது கொடுத்தாள்.

கணவன் சுவரோரம் கிடந்த நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு, இருக்கையைத் துணியால் துடைத்தான்.

மேலே கதவு திறந்தது. படியில் ஒருத்தி ஒவ்வொரு அடியாக இறங்கினாள். பாதம், பிறகு நனைந்த பாவாடை விளிம்பு, பிறகு இடுப்பு. முகம் இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை. இரண்டு கையாலும் தலையணையை நெஞ்சோடு அணைத்திருந்தாள், தோளில் தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவது போல. எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவளைப் போல, அதன் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள்.