கழற்ற மறந்த திருகு

மழை கொட்டிய ஒரு மாலையில், வழக்கமான பல் டாக்டருக்குக் காய்ச்சல் வந்தது. அதனால்தான் எல்லாமே.

"இன்னைக்கு வேற டாக்டர் பாப்பாங்க" என்றார்கள். சாய்நாற்காலியில் படுத்திருந்தவனின் தலைக்கு மேல் இரண்டு கண்கள் வந்தன... நனைந்த கண்ணாடி போலப் பளபளப்பு. மிச்ச முகம் முகமூடிக்குள்.

"வாயை நல்லாத் திறங்க சார்."

திறந்த வாய் மூடவே இல்லை. அந்தக் குரல்!

அவன் பல் செய்யும் லேபில் டெக்னீஷியன். ஊர் வாய்க்கெல்லாம் பல் செய்பவன், பைக்கில் விழுந்து தன் பல் ஒன்றைக் கோட்டைவிட்டான். அங்கே எலும்புக்குள் இம்ப்ளான்ட் என்ற உலோக வேர் வைத்தாயிற்று. இன்று அதன் மேல் வரும் பல்லுக்கு அளவு. அவளோ முன்பு வேறொரு க்ளினிக்கிலிருந்து அவன் லேபுக்கு அளவுகள் அனுப்பியவள். இரண்டு வருஷம் போனிலேயே பேச்சு. அவள் "லேப் சார்" என்பாள், அவன் "மேடம்" என்பான். அவ்வளவுதான். அவ்வளவுதானா...

இம்ப்ளான்ட்டில் சின்ன உலோகத் துண்டொன்றை நீளத் திருகு போட்டு முடுக்கினாள். ஓட்டை போட்ட ட்ரேயில் அச்செடுக்கும் களிம்பை நிரப்பிப் பல்வரிசை மேல் அழுத்தினாள். திருகின் தலை ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது.

"அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது, அசையக்கூடாது. மூச்சு விட்டுக்கலாம்."

நல்லதாயிற்று. வாய் திறந்து பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"இந்த அஞ்சு நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார். யாரும் எதிர்த்துப் பேச முடியாது பாருங்க." ஜன்னலில் மழையைப் பார்த்தாள். "பழைய க்ளினிக்ல ஒரு பெரியம்மாவுக்கு இதே மாதிரி மூணு தடவ அளவெடுத்தேன். மூணு தடவையும் பல் உக்காரல. 'உங்க அளவுதான் தப்பு மேடம்'னுட்டாரு லேப்காரர். சீஃப் 'உனக்குக் கை வராதும்மா'ன்னாரு. வேலைய விட்டுட்டேன். கூத்து என்னன்னா... தெரிஞ்ச விஷயத்தையே சந்தேகம் மாதிரி அந்த லேப்காரர்கிட்ட போன் பண்ணிக் கேப்பேன். குரல் கேக்கணும்னு. லூசு நானு."

அந்த லேப்காரர் அவன்தான்.

க்ளினிக்கிலிருந்து வரும் அச்சுக்குள் இருக்கும் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் லேபில் திருகை இறுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் துண்டு மயிரிழை திரும்பிவிடும், பல் உட்காராது. அந்தப் பெரியம்மாவின் மூன்றாம் அச்சில் அது திரும்பியதைக் கண்ணாலேயே பார்த்தான். அப்படியானால் முந்தின இரண்டும்... போனை எடுத்தான். லேபில் அவனுக்கிருந்த 'கைராசிக்காரன்' பட்டம் குறுக்கே வந்து நின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தான். மறுநாள் அந்த க்ளினிக் எண்ணில் வேறு யாரோ பேசினார்கள்.

ஐந்து நிமிடம் முடிந்தது. ட்ரேயை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அவன் கண்ணில் நட்சத்திரம் பறந்தது.

"என்னாச்சு... ஏன் வரல..."

அவன் ஆள்காட்டி விரலை உயர்த்தி, இடப்பக்கமாக இரண்டு சுற்று சுற்றினான்.

"ஐயோ, திருகு! கழட்டவே இல்ல!" என்றவள் நின்றாள். "இது பேஷண்ட்டுக்குத் தெரியாதே... நீங்க யாரு?"

திருகு கழன்றது, ட்ரே வந்தது, கொப்பளிக்கத் தண்ணீர் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை மனிதன் அவ்வளவு நேரம் கொப்பளித்ததாகச் சரித்திரம் இல்லை. தலையாட்டிவிட்டு ஓடிவிடலாம்... துப்பினான்.

"மேடம்..."

ஒரே சொல். அவள் கண்கள் அகன்றன. "லேப் சார்?"

"உங்க அளவு மூணும் சரி மேடம். நான்தான் பிடிக்காம இறுக்கிட்டேன். தெரிஞ்சும் சொல்லல. கௌரவம். மூணு அச்சும் என் டிராயர்லதான் இருக்கு, தூக்கிப்போட மனசு வரல. உங்க போன் வரும்னு மத்தியானம் சாப்பிடப் போகாம உக்காந்திருந்தவன் நான்... அதையும் சொல்லல."

அவள் முகமூடியை இறக்கினாள். குரலை வைத்து அவன் மனதுக்குள் செய்து வைத்திருந்த முகம் வேறு. அதுவும் பொருந்தவில்லை.

"இத்தன நாளா என் கையையே நான் நம்பல. தெரியுமா உங்களுக்கு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"உங்க பல்ல வேற லேப்புக்குத்தான் அனுப்புவேன்."

"அதான் மேடம் நல்லது."

அச்சை விளக்கடியில் பிடித்தாள். விளிம்புகூடப் பிசகாமல் விழுந்திருந்தது. கண் இருக்கும் யாருக்கும் தெரியும்.

"லேப் சார்... இது சரியா வந்திருக்கா?"

அவன் எழுந்து, அருகில் போய், அந்தப் பழைய மூன்று அச்சுகளுக்கும் சேர்த்துப் பார்த்தான்.

"சரியா இருக்கு மேடம்."