பெயரைப் பிடித்திருப்பவர்

வடக்குப்பட்டைத் தாண்டியதும் தொழிற்சாலைகளின் இரைச்சல் தேய்ந்தது. முட்செடிகளுக்கு நடுவே பழைய மோட்டார் ரூமும் அதையொட்டிய கிணறும் உச்சிவெயிலில் அசையாமல் கிடந்தன. காலையிலிருந்து பதில் தராத மோட்டார் மோடத்தைப் பார்க்க வந்த மஞ்சுளா வண்டியை நிறுத்தினாள்.

கிணற்றுக்குள் யாரோ இருமினார்கள்.

"யாருப்பா?"

"நான்தான்கா, சுபாஷ். குழாய் அடியில குப்பை அடைச்சிகினு கீது. சார்தான் எறங்கச் சொன்னாரு."

"மெயின் ஆஃப் பண்ணியா?"

"கைப்பிடியே ஒடஞ்சி கீதுக்கா. ஆஃப் ஆவ மாட்டேங்குது."

இடுப்பளவுத் தண்ணீரில், கம்பி ஏணியைப் பிடித்தபடி நின்றான், இரண்டு மாதக் குழந்தையின் தகப்பன்.

போன மழைக்காலத்தில், இதே வேலை பார்த்த நாகப்பனும் அங்கேதான் நின்றார். ஒரகடம் அலுவலகத்தில் யாரோ தெரியாமல் மோட்டாரைப் போட்டார்கள். கசிந்த மின்சாரம் தண்ணீரில் இறங்கியது.

அந்த அலுவலகத்திலிருந்தே மோட்டாரைப் போடத்தான் இந்த சிம் மோடம். சிக்னல் விட்டு விட்டு வரும்போதெல்லாம் அதன் முகவரி மாறிவிடும். அதனால் அதற்கு ஒரு பெயர். எந்த முகவரிக்குப் போனாலும் மோடம் தானே அதை அந்தப் பெயரில் பதிந்துகொள்ளும். அலுவலகம் பெயரைக் கூப்பிட்டால் போதும்.

மஞ்சுளா மேனேஜர் புருஷோத்தமனை போனில் பிடித்தாள்.

"சார், மோட்டாரைப் போட்டுடாதீங்க. சுபாஷ் உள்ள கீறான்."

"ஏறிட்டான்னு நெனச்சிட்டேம்மா. இப்பத்தான் மூணு தபா போட்டேன். ஓடவே இல்லியே."

மூன்று தடவை.

"டேய் சுபாஷ், மேல ஏறு! ஒடனே!"

போனில் மோடத்தின் பெயரைத் தேடினாள். அது வேறு ஏதோ முகவரியைக் காட்டியது. பழைய மோடத்தை அணைக்காமல் விட்டால் இப்படி நடக்கும். பழையதும் புதியதும் ஒரே பெயருக்குச் சண்டை போடும். ஆனால் பழைய மோடம் நாகப்பனோடு அன்றே கருகிப்போயிற்று.

மோட்டார் ரூமுக்குள் போய், மோடம் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். கருகிய ஒயர் வாடை. அதற்கடியில் ஈரச் சேற்றின் வாடை.

மூலையில் உருகிய கறுப்புப் பெட்டி, அந்தப் பழைய மோடம். ஒயர் இல்லை. சிம் இல்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, லைன்ல கீறியா? பழைய மோடம் எதுனா பேரைப் புடிச்சிகினு இருக்கும். தூக்கிப் போட்டுட்டு சரி பண்ணு. தொழிலாளருங்க ஹாஸ்டல்ல தண்ணியில்லாம கத்துறாங்க."

அவள் கை பெட்டியை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது.

"பண்ண மாட்டேன் சார்."

"இன்னா?"

"நீங்க போட்ட மூணு தபாவும் இதான் வாங்கிக்கிச்சி. இத்த எடுத்துட்டு, அந்தப் பேரை உங்க கையில குடுக்க மாட்டேன். வேலைய வுட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க."

சுபாஷ் கிணற்று விளிம்பில் கையூன்றி ஏறி, தரையில் விழுந்தான்.

"அக்கா... ஏணி வழுக்கிச்சி. கீழேருந்து உள்ளங்கால தாங்கி யாரோ மேல தள்ளினாங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது.

போனில் குரல் இறங்கி வந்தது. "ஏறிட்டானா? இப்பவாச்சும் போடவா?"

போனில் மோட்டாரின் நிலையைக் காட்டும் பக்கத்தில் எப்போதும் இரண்டே சொற்கள்தான் வரும்: ஓடுகிறது, நின்றது. இப்போது அங்கே வேறொன்று இருந்தது.

உள்ளே ஆள்.

மஞ்சுளா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"போடக் கூடாது சார். நாகப்பண்ணன் இன்னும் ஏறல."