பதினெட்டாம் வரிசை

கோவையில் அந்த அடுக்ககத்தில் விடிந்தால் முதல் வேலை மொட்டைமாடியில் கீரை அறுப்பது. பல் விளக்குவதுகூட அப்புறம்தான். மீனலோசனி பதினேழாம் வரிசையில் அறுத்த பாலக்கை, ஆளின் முகம் பார்த்து அவர் கணக்கில் எடையேற்றும் முகமறித் தராசில் வைத்தாள். ‘நிறைவு’ என்றது தராசு. அப்பாடா, இன்றைக்கும் தப்பித்தாயிற்று.

வெளியூர்க் காய்கறி நகருக்குள் வருவது நின்று இருபது வருடமாகிறது. வீட்டுக்கொரு வரிசை, அதை அறுத்துத் தினமும் எடை காட்ட வேண்டும். நாற்பது நாள் எடை குறைந்தால் வீடு காலி, நகரைவிட்டே வெளியேற வேண்டும். மண் சலிக்காமலிருக்க மூன்று மாதத்துக்கொரு முறை எல்லோரும் ஒரு வரிசை தள்ளிப் போவார்கள். அடுத்தவர் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது அங்கே அநாகரிகம்.

ஏழாம் மாடிக்கு இறங்கியவள் திகைத்து நின்றாள். எதிர்வீட்டு இன்னாசிமுத்துவின் கட்டில், பாத்திரம் எல்லாம் நடைவழியில் கிடந்தன. ஒண்டியாள், அதிர்ந்து பேசாத மனிதர். பக்கத்தில் ஒதுக்கீட்டு அலுவலர் பர்வீன், கையில் வெளியேற்றச் சீட்டு.

“என்னாச்சுங்க அண்ணா?”

“ஆடி ஒண்ணாந்தேதி பதினாறுல இருந்து பதினேழுக்கு மாறுனேன் அம்மிணி. வெடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவேன், சாயங்காலம் வந்து பாத்தா தெனமும் மொட்டையா கெடக்கும். பக்கத்துல பதினெட்டு அறுக்க ஆளில்லாம முத்திக் கெடந்துச்சு. அடுத்தவங்க சோத்துல எப்படிக் கை வைக்கறதுன்னு விட்டுட்டேன்.”

மீனலோசனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடி முதல் தேதி மகளுக்குக் கடுங்காய்ச்சல். விடியலில் அவசரமாக அறுத்து வைத்துவிட்டு மீனலோசனி மருத்துவமனையே கதியென்று கிடந்தாள். வரிசை மாறியதே அவளுக்கு நினைவில்லை. பதினெட்டு அவளுடையது. ஐயோ, நாற்பது நாளாக இந்த மனிதரின் சோற்றையல்லவா அறுத்திருக்கிறாள்.

“பதினேழ அறுத்தது நாந்தானுங்க. வரிசை மாற மறந்துட்டேன்,” என்றாள்.

பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். “சட்டத்துல மறதிக்கு எடமில்ல. அடுத்தவங்க வரிசைய அறுத்தா அறுத்தவங்கதான் போகணும். இவரு ஒரு ஆளு, நீங்க வீட்டுக்காரரு, பாப்பாவோட மூணு பேரு. நீங்க சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கட்டுமா?”

சரி என்று சொல்ல மீனலோசனியின் நாக்கு துடித்தது. நகருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னாசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“நாந்தானுங்க அறுத்தேன்,” என்றாள் மறுபடியும்.

பர்வீன் சீட்டில் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினாள்.

“வண்டி பத்து மணிக்குங்க. போயி பாப்பாவ எழுப்புங்க.”