உட்கார்ந்தே வந்த கால்வலி

பள்ளியில் அவளுக்குப் புயல் என்று பெயர். ஓட ஆரம்பித்தால் அப்படி ஓடுவாள். அந்தப் புயல்தான் அன்று காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் "அம்மா!" என்று அலறியது.

இரண்டு கெண்டைக்கால்களும் விண்விண்ணென்று வலித்தன.

ஆறு வயதுத் தம்பி ஓடி வந்தான். ஒரு விரலால் அவள் காலைக் குத்திப் பார்த்தான்.

"ஆ!"

"உனக்கு வயசாயிடுச்சுக்கா," என்றான் வருத்தமாக.

"போடா! நேத்து நான் ஓடவே இல்லையே. ஓய்வெடுங்கன்னு சார் சொன்னாருன்னு நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருந்தேன்!"

தொடர் ஓட்டத்துக்கு எட்டுப் பேரிலிருந்து நான்கு பேரை விளையாட்டு ஆசிரியர் அன்று மாலைதான் தேர்ந்தெடுக்கப் போகிறார். வலி என்று சொன்னால் அவள் பெயர் போய்விடும். சொல்லாமல் ஓடினால் ஆமைகூட முந்திவிடும். புயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். அவர் தையல்காரர்.

"எங்கே உட்கார்ந்திருந்தே?"

"உங்க தையல் மிஷின்ல. தலையணை உறைக்கு ஓரம் அடிச்சேன். நாப்பது உறை!"

"அந்த மிஷினை மிதிச்சது யாரு? தம்பியா?"

புயல் வாயைப் பிளந்தாள். அது காலால் மிதிக்கும் மிஷின். அவள் உட்கார்ந்திருந்தாள், சரி. கால்கள் எங்கே உட்கார்ந்தன?

"பழக்கமில்லாத வேலை. நானாவது கவனிச்சிருக்கணும்," என்று அம்மா காலை மெதுவாகப் பிடித்துவிட்டார்.

மாலையில் மைதானத்துக்கு வந்ததும் புயல் நேராக ஆசிரியரிடம் போனாள்.

"சார், எனக்குக் கால் வலி. இன்னிக்கு ஓட முடியாது."

"ஓய்வெடுக்கத்தானே சொன்னேன்?"

"உட்கார்ந்தேதான் சார் இருந்தேன். உட்கார்ந்தே ஓடிட்டேன்."

தையல் மிஷின் கதையைக் கேட்டு மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒட்டடைக்குச்சி என்று பெயரெடுத்த ஒல்லிப் பையன் மட்டும் "ஆ!" என்று தொடையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் வலி சார். சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு பயந்தேன். நேத்து யாருக்கும் தெரியாமப் பயிற்சிக்காக மாடிப்படி ஏறி இறங்கினேன். நூறு தடவை."

"நான் கயிறு தாண்டினேன் சார்," என்றது இன்னொரு குரல்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மொத்தம் ஏழு கைகள். கை தூக்காமல் எட்டாவதாக நின்றவள், தூங்குமூஞ்சி என்று எல்லாரும் கூப்பிடும் பெண்.

"நான் நல்லாத் தூங்கினேன் சார்," என்றாள் பெருமையாக.

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னிக்குத் தேர்வு வெச்சா நாலு பேர் ஓட்டத்தையும் இவ ஒருத்தியே ஓடணும்! வலியோட ஓடி யாராவது விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? புயல், நீ சொன்னது நல்லதாப் போச்சு. தேர்வு வெள்ளிக்கிழமைதான். இப்ப எல்லாரும் மெதுவா நடங்க."

புயலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் "ஆ, ஊ" என்று மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். கடைசியில் இடுப்பைப் பிடித்தபடி ஆசிரியரும் வந்தார்.

"சார், உங்களுக்குமா?"

"ஷ்! நேத்து யாரும் இல்லையேன்னு கொஞ்சம் வேகமா ஓடிப் பார்த்தேன். வெளியே சொல்லிடாதே."

புயல் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காகத் தன் நடை வேகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.