போயிட்டு வா

வாளித் தண்ணீரில் ஒரு பச்சை இழை மிதந்தது. குசினிக் குழாயில் இப்போதுதான் பிடித்த தண்ணீர். சுலோஜனா அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். இருபுறமும் இறகு பிரித்தாற்போல இலை; தன் கடல்மீன் தொட்டிக்கு அழகென்று அவளே ஆசைப்பட்டு வாங்கிய அதே பாசி.

மகன் கனடா போனபின் தொட்டியைப் பார்க்க ஆளில்லை. மீன்கள் செத்தன, பாசி மட்டும் தளதளவென்று வளர்ந்தது. உயிருள்ளதைக் குப்பையில் போட மனம் வராமல் துறைமுகக் கரையில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். வெறுமனே 'போ' என்றால் அபசகுனம். வாய்ப்பழக்கத்தில், "போயிட்டு வா" என்றாள்.

மூன்று வருடத்தில் அது குடாவின் அடித்தரையை மூடிவிட்டது. வலைக்காரர் பிய்த்துப் பிய்த்து எறிந்தார்கள். பிய்ந்த துண்டெல்லாம் வேர்பிடித்தது. போன கிழமை பக்கத்து வீட்டு இன்பாஸ் சங்கு குளிக்கப் புறப்பட்டான்.

"போயிட்டு வாறன் அக்கா."

"போயிட்டு வா தம்பி."

அவன் வரவில்லை. பாசிக்குள் அவன் கையைக் கண்டார்களாம்; இழுக்க இழுக்க உள்ளே போனதாம். உடல் கிடைக்காததால் அவன் மனைவி சுபைதா விதவைத் தனிமையான இத்தா இருக்கவும் மறுத்துவிட்டாள். இன்று பின்னேரம் வேலியருகே வந்து நின்றாள்.

"இந்தப் பாசி எங்கயிருந்துக்கா வந்திச்சு?"

"எனக்கென்ன தெரியும் பிள்ளை."

சொன்ன வாய் அப்போதிருந்தே உப்புக் கரித்தது. எத்தனை தரம் கொப்பளித்தும் போகவில்லை. வெட்கங்கெட்டவள் நான், என்று நினைத்தாள். இழையைக் கையில் வைத்தபடியே முடிவெடுத்தாள்: இப்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

பின்கதவில் கை வைத்தபோது, சீனன்குடாப் பக்கமிருந்து வந்த, பொழுது சாயும் மம்மல் காற்றில் வற்றிய கடலின் நாற்றம் குப்பென்று அடித்தது. வீட்டு வளவு மணலில் ஈரச் சாக்கை இழுப்பதுபோல் ஏதோ நெருங்கி வந்தது.

நின்றது.

"அக்கா, வந்திட்டன்."

யன்னலால் பார்த்தாள். இன்பாஸ். அதே நீலக் காற்சட்டை. சிரித்தான். பல்லுக்குப் பின்னால் பச்சை.

"வந்திட்டீங்களா! எனக்குத் தெரியும்!" வேலிக்கப்பால் சுபைதாவின் குரல். ஓடி வருகிறாள்.

'போ' என்று கத்த வாயைத் திறந்தாள் சுலோஜனா. சொல் வரவில்லை. நாக்கின் மேல் இறகாய் ஏதோ ஊர்ந்தது.

சுபைதா அவனை இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தாள். அவள் முதுகில் பதிந்த அவனுடைய விரல்கள், ஒவ்வொன்றும், இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன.